மைனிக்கு, ஓட்ஸ் பிஸ்கோத்து சுட்ட நாளில்

மைனி,

இன்றைக்குக் காலையில் ஓட்ஸ் வறுத்தேன். எண்ணெயோ நெய்யோ விடாமல், வெறும் சட்டியில், நீங்கள் வறுப்பதுபோலத்தான். பாதி வறுபட்டதும் எழும்பியது பாருங்கள் ஒரு வாசம், நம் ஊர் அடுக்களைக்குச் சம்பந்தமே இல்லாத வாசம். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஓட்ஸ் கொஞ்சம் கருகியும் போனது. கருகினால் என்ன, "ஏட்டி, கண்ணை எங்கே வெச்சிருக்க?" என்று கேட்பதற்கு நீங்கள் இல்லையே.

உங்கள் ரூபிக்கு மணல்வாரி அம்மை. பயப்பட வேண்டாம். காய்ச்சல் இறங்கிவிட்டது, தடிப்பும் அமர்ந்து வருகிறது. இன்னும் கொஞ்ச நாளைக்குச் சின்னப் பிள்ளைகள் யாரும் பக்கத்தில் போகக் கூடாது என்று மட்டும் வைத்தியர் சொல்லியிருக்கிறார். வயிற்றுக்குப் பாரமில்லாமல் ஏதாவது கொடுக்க வேண்டுமென்று அண்ணன் நாகர்கோவிலிலிருந்து ஓட்ஸ் டின் வாங்கி வந்தார். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு மூக்கைச் சுளித்துக் கிண்ணத்தைத் தள்ளினாள். அந்தச் சுளிப்பை அவள் யாரிடம் படித்தாள்? உங்கள் முகமே அவளுக்கு நினைவில்லை. ஆனாலும் ரத்தம் மறக்கவில்லை போலிருக்கிறது. சரி, கஞ்சி வேண்டாமென்றால் பிஸ்கோத்து சுட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் சட்டியை அடுப்பில் வைத்தேன். அதற்குப் பிறகு இன்றைக்கு ஒன்று நடந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் என் மனசு ஆறும்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததே ஒரு ஓட்ஸ் டின்னோடுதான். அருமனைக்கு மேலே ரப்பர்த் தோட்டத்துப் பங்களாவில் உங்கள் அப்பா காவல்காரர். உங்கள் கல்யாணத்துக்கு அந்தத் துரைசானி கொடுத்த சீதனம் அந்த டின். மூடியில் ஏதோ பூ வரைந்திருந்தது. ஊரில் அப்படியொரு பொருளை யாரும் கண்டதில்லை. அம்மா அதைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, மோந்து பார்த்து, "இது வெள்ளைக்காரன் நாட்டு அவலு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சொந்தக்காரர்களெல்லாம் இருக்கிற நேரம். மருமகள் கொண்டுவந்த பண்டத்தை நாலு பேருக்குக் கொடுத்துப் பெருமைப்பட வேண்டாமா? அவலை என்ன செய்வோமோ அதையே செய்தாள். தண்ணீரில் அரித்து, ஊறவைத்து, தேங்காயும் கருப்பட்டியும் போட்டுப் பிசைந்தாள்.

நீங்கள் அடுக்களை வாசலில் வந்து நின்றபோது காரியம் முடிந்திருந்தது. "ஐயோ மாமி, வெள்ளம் ஒழிச்சியளா?" என்று கேட்டீர்கள். தண்ணீர் ஊற்றுவதை உங்கள் மேற்கே அப்படித்தான் சொல்வார்கள். புதுப்பெண் மாமியாரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "அவல நனைக்காம எவளாவது திம்பாளா?" என்றாள். கையை எடுத்தால் கை முழுக்க ஒட்டிக்கொண்டு வருகிறது பசை. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "வண்டிச் சக்கரத்துக்குப் போடலாம்" என்றார். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். கடைசியில் அம்மாவும் சிரித்தாள். பசை மாட்டுத் தொட்டிக்குப் போனது, மாடும் மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

டின்னில் மிச்சம் இருந்ததைத்தான் மறுநாள் நீங்கள் பிஸ்கோத்தாக ஆக்கினீர்கள். பங்களா பட்லர் செய்வதை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்துப் படித்த வித்தை. அங்கே இரும்பு அடுப்பு, டின் வெண்ணெய், சீனி. இங்கே அதெல்லாம் ஏது? நீங்கள் அலட்டிக்கொள்ளவே இல்லை. சீனிக்குப் பதில் கருப்பட்டியை உருக்கி, மண் போக வடிகட்டினீர்கள். வறுத்த ஓட்ஸை உரலில் போட்டு ஒன்றிரண்டாக இடித்து, கோதுமை மாவு, மோர் கடைந்து எடுத்த வெண்ணெய், ஒரு முட்டை, தேங்காய்ப்பூ, சுக்குப்பொடி, ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா எல்லாம் சேர்த்துப் பிசைந்தீர்கள். உருட்டித் தட்டி ஒவ்வொன்றையும் ஒரு பூவரச இலைமேல் வைத்தீர்கள். மண்சட்டிக்குள்ளே மணல், மணல்மேல் தட்டு, தட்டில் இலை. சட்டிக்கு அடியிலும் தீ, மூடிமேலும் தேங்காய்ச் சிரட்டைக் கனல். "மேலயும் தீ, கீழயும் தீ, நடுவுல இருக்கவளுக்குப் பொறுமை வேணும்" என்றீர்கள். மருமகளைச் சொல்கிறாளோ பிஸ்கோத்தைச் சொல்கிறாளோ என்று அம்மா ஒரு பார்வை பார்த்தாள். வெந்து வந்த பிஸ்கோத்தின் அடியில் இலையின் நரம்பெல்லாம் அப்படியே பதிந்திருந்தது. தின்று பார்த்துவிட்டு, நன்றாயிருக்கிறதா என்பதற்கு உங்கள் பேச்சில், "கொள்ளாமா?" என்று என்னைக் கேட்டீர்கள். "மைனி, நீங்க பேசுதியளா, பாட்டுப் படிக்கியளா?" என்றேன் நான். அந்த மேற்கத்திப் பேச்சின் ராகத்தை நான் கேலி செய்யாத நாளில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், உங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் என்றால் நம் வீட்டுப் பிஸ்கோத்துக்கு ஊரே காத்திருக்கும். அண்ணன் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டு ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப்பக்கம் போகும்போதுகூட ஒரு பொட்டலம் மடியில் இருக்கும். ரூபி பிறந்து பல் முளைத்ததும் முதலில் கடித்தது அதைத்தான். நீங்கள் உருட்டும்போது பக்கத்தில் குந்தியிருந்து, இலை எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுடையது. கொடுக்கிற சாக்கில் பாதி மாவு அவள் வயிற்றுக்குப் போகும்.

அப்புறம் உங்களுக்கு இருமல் வந்தது.

முதலில் சளி என்றோம். பிறகு காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். ஒருநாள் நீங்கள் துப்பியதில் ரத்தத்தைப் பார்த்தவள் நான்தான். ஆஸ்பத்திரியில் வைத்தியர் சயரோகம் என்றார். தனியாக இருக்க வேண்டும், தனிப் பாத்திரம், தனிப் பாய், முக்கியமாகக் குழந்தை அண்டக் கூடாது என்றார். அம்மாவைக் கொடுமைக்காரி என்று இன்றைக்கும் ஊரில் சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். அவள் பெற்றதில் இரண்டை நோய்க்குக் கொடுத்தவள். வீட்டுக்குக் கிழக்கே தென்னைகளுக்கு நடுவில் ஓலைப்புரை கட்டச் சொன்னவள் அம்மா. ஆனால் கிழக்கேதான் கட்ட வேண்டும் என்று சொன்னவர் நீங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்து ஓடுகிற மேல்காற்று எப்போதும் வீட்டுப்பக்கமிருந்து உங்கள்பக்கம்தான் வீசும். உங்கள் மூச்சு எங்கள் பக்கம் வரக் கூடாது என்று கணக்குப் போட்டு இடம் சொன்னீர்கள்.

அந்தக் காற்று செய்த அநியாயத்தை அப்போது யாரும் யோசிக்கவில்லை. ரூபி எல்லையைத் தாண்டக் கூடாது. முருங்கை மரம்தான் எல்லை. அங்கே நின்றுகொண்டு அவள் "அம்மா" என்று கூப்பிட்டால் காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் காதில் போடும். நீங்கள் பதில் சொன்னால் அந்தக் குரல் கிழக்கே வயலுக்குப் போய்விடும். குழந்தைக்கு உங்கள் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று மற்ற ஊரில் பழமொழி சொல்வார்கள், எங்கள் ஊரில் அது பழமொழி இல்லை. உங்கள் குரலே பறந்துபோனது. கொஞ்ச நாளில் ரூபி முருங்கைமரத்துக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள். சோறும் சரியாகத் தின்பதில்லை. "அம்மைக்குக் கோவம், பேசமாட்டேங்குது" என்று என்னிடம் சொன்னாள்.

நான் இதை உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ, சொல்லிவிட்டேன். நீங்கள் பாயில் எழும்பி உட்கார்ந்தீர்கள். பிறகு, "பிள்ளே, எனக்கு வாங்கின ஓட்ஸ்ல பொட்டிக்காத, மூடி தொறக்காத டின் ஒண்ணு வீட்டுல இருக்குல்லா? அவளுக்கு எனக்க கையால ஒருவாட்டி பிஸ்கோத்து சுட்டுக் குடுக்கணும். பின்ன எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றீர்கள்.

அம்மாவிடம் போய் நின்றேன். நெருப்பில் வெந்ததில் நோய் ஒட்டாது என்று வைத்தியர் சொன்னார் என்றேன். அது உண்மை, கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். அம்மா அரிவாள்மணையை விட்டு எழும்பவில்லை. "எனக்குப் பேத்தின்னு இருக்கது இது ஒண்ணுதான்" என்றாள். "மைனிக்கும் அது ஒண்ணுதாம்மா" என்றேன்.  சாயங்காலம் பார்த்தால் அம்மாவே சருவத்தில் வெந்நீர் போட்டு, புதுச் சவுக்காரமும் ஒரு வெளுத்த துணியும் எடுத்துவைத்து, "கைய நல்லாக் கழுவச் சொல்லு" என்றாள். வேறு முகமாக இருந்தது அவள் முகம்.

மறுநாள் ஓலைப்புரைக்குப் பக்கத்திலேயே காற்றுக்கு மறைவாகக் குழி வெட்டி அடுப்புக் கூட்டினேன். புது மண்சட்டி. மாவுக்கு வேண்டியதெல்லாம் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைத்தேன். முழங்கை வரைக்கும் கையைக் கழுவினீர்கள், கழுவிக்கொண்டே இருந்தீர்கள். தோல் சிவந்துவிட்டது. மாவில் கை வைக்கப்போகிற நேரத்தில் இருமல் வந்தது. முகத்தைத் திருப்பித் துணியால் பொத்திக்கொண்டீர்கள். பெரிய இருமல்கூட இல்லை. இருமி முடித்துவிட்டு அந்த மாவையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"வேண்டாம் பிள்ளே. நீ பெசை."

"தீயில வேகும்லா மைனி. வைத்தியரே சொல்லியாச்சு. அம்மையும் சம்மதிச்சாச்சு."

"வைத்தியர் சொன்னது சரிதான். மாமியும் நல்ல மனசோட சொன்னா. எனக்குத்தான் சம்மதம் இல்ல."

நான் அழுதேன். நீங்கள் என்னை அதட்டினீர்கள். "அழுத கண்ணீர் மாவுல விழும். பெசையிட்டி. தீயை நான் பாத்துக்கிடுதேன். தீயில எதுவும் ஒட்டாதுல்லா?" என்றீர்கள். அப்படித்தான் நடந்தது. தள்ளி உட்கார்ந்து நீங்கள் சொல்லச் சொல்ல நான் பிசைந்தேன், உருட்டினேன், இலையில் வைத்தேன். நீங்கள் இடுக்கியால் சிரட்டைக் கனலை மூடிமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தீர்கள். ஒருபக்கம் கூடினால் மறுபக்கம் தள்ளிவிட்டு, தணிந்தால் புதுக் கனல் போட்டு, கண்ணை எடுக்காமல் இருந்தீர்கள். ஊதுகுழலை எடுத்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்ததையும் பார்த்தேன். ஊதவில்லை. ஓலை விசிறியால் வீசினீர்கள். அத்தனை நிதானமாக வெந்த பிஸ்கோத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் தின்றதில்லை.

சூடு ஆறியதும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு முருங்கைமரத்துக்குப் போனேன். அம்மா ரூபியைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். "உன் அம்மை சுட்டது மக்கா" என்றேன். குழந்தை முதலில் நம்பவில்லை. ஒன்றை எடுத்து இலையை உரித்துக் கடித்தாள். முகம் மலர்ந்தது. ஓலைப்புரையைப் பார்த்து உரக்க, "அம்மா! கொள்ளாம்!" என்று கத்தினாள். உங்கள் சொல்லை உங்கள் ராகத்திலேயே சொன்னாள், மைனி. எழும்பி நின்று இரண்டு கையையும் ஆட்டினீர்கள். ஏதோ சொன்னீர்கள், காற்று கொண்டுபோய்விட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு தாயும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தீர்கள். இத்தோடு முடிந்திருக்கலாம்.

கடித்த பிஸ்கோத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மைக்கும்" என்று சொல்லி அவள் ஓட ஆரம்பித்தாள். அம்மாவின் கையிலிருந்து எப்படி நழுவினாள் என்று தெரியவில்லை. அம்மா "புடியிட்டி" என்று அலறினாள். நானும் ஓடினேன். எனக்கு முன்னால் அவள் உங்களிடம் சேர்ந்துவிடுவாள் என்றுதான் தோன்றியது. நீங்கள் அவளைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தீர்கள். அவள் கையை நீட்டினாள். நீங்கள் புரைக்குள்ளே போய் ஓலைத்தட்டியை இழுத்து அடைத்துவிட்டீர்கள்.

"அம்மா, இந்தா. அம்மா, தொறம்மா." குழந்தை தட்டியை அடித்தாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். காலை உதைத்துக்கொண்டு, என் தோளைக் கடித்தாள். முருங்கைமரத்தடியில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதாள். "அம்மைக்கு என்னைப் புடிக்கல்ல" என்றாள். நாங்கள் என்ன சொன்னாலும் அதையே சொன்னாள். பிறகு, குழந்தைதானே, அழுதுகொண்டே கையிலிருந்ததைத் தின்ன ஆரம்பித்தாள். அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். தட்டியில் இரண்டு ஓலைக்கு நடுவே உங்கள் விரல்கள் தெரிந்தன. ஓலையை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அவள் கடைசித் துணுக்கைத் தின்று, கையைச் சட்டையில் துடைக்கும்வரைக்கும் அந்த விரல்கள் அங்கேயே இருந்தன.

மறுநாள் கஞ்சி கொண்டுவந்தபோது உங்கள்மேல் எனக்குக் கோபம். "ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்லா மைனி? தட்டிக்கு உள்ளே நின்னே பேசியிருக்கலாம்லா?" என்று கேட்டேன்.

"பேசியிருந்தா தொறந்திருப்பேன் மக்கா" என்றீர்கள்.

காற்றுக்காலம் அடங்குமுன்னே நீங்கள் போய்விட்டீர்கள். போகிறவரைக்கும் ரூபி முருங்கைமரத்துக்கு வரவில்லை. கூப்பிட்டால் வீட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்வாள். நீங்கள் தினமும் சாயங்காலம் தட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த மரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததை நான் கண்டேன். என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டீர்கள். கேட்காமல் இருந்தீர்களே, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

எனக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டபோது ரூபியையும் கூட்டிக்கொண்டேன். அண்ணன் வண்டியும் மாடுமாக ரோட்டிலேயே கிடக்கிறார், இன்னொரு கல்யாணத்துக்கு யார் சொல்லியும் கேட்கவில்லை. ரூபி நல்ல பிள்ளை. அதிகம் பேசமாட்டாள். என் சின்னவள் பிறந்த பிறகு அவளை இடுப்பைவிட்டு இறக்குவதே இல்லை. சின்னவளுக்கும் ரூபி மடிதான் தொட்டில். வளர்ந்த பிறகு ஒருநாள் ரூபியிடம், அம்மையைப் பற்றி என்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன். "தட்டியை அடச்சது ஓர்மை உண்டு. வேற ஒண்ணும் இல்ல" என்றாள். உங்களைப் பற்றி உலகத்தில் உங்கள் பிள்ளைக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். ஓலை இடுக்கில் விரல் தெரிந்ததை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "நீங்க ஆறுதலுக்குச் சொல்லுதிய அத்தே" என்பாள். அவள் கண்ணால் பார்த்ததை என் வாயால் சொல்லி அழிக்க முடியவில்லை.

இனி இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பிஸ்கோத்து வெந்ததும் ரூபிக்கு ஒரு தட்டில் வைத்து உள்ளறைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். சின்னவளுக்கும் ஒன்று கொடுத்தேன். நான் சட்டியைக் கழுவப் போன நேரத்தில் அவள் தன் பங்கைத் தூக்கிக்கொண்டு, "அக்காவுக்கு" என்று உள்ளறைக்கு ஓடிவிட்டாள். நான் கத்திக்கொண்டு வருவதற்குள் ரூபியின் குரல் கேட்டது. "வராத! அங்கேயே நில்லு!" கட்டிலிலிருந்து எழும்ப முடியாமல் கிடந்தவள் எப்படி எழும்பினாளோ, கதவை அடைத்துத் தாழ்போட்ட சத்தம் கேட்டது. சின்னவள் கதவை அடித்தாள், தரையில் புரண்டாள். தூக்கிக்கொண்டு வந்து சமாதானம் செய்து, பிஸ்கோத்தைக் கையில் கொடுத்து உட்காரவைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து ரூபி கூப்பிட்டாள்.

"அத்தே, குட்டி அழுகைய நிறுத்திட்டாளா?"

"நிறுத்திட்டா மக்கா."

"திங்கியாளா?"

"திங்கியா."

 படுக்கச் சொல்லலாமென்று கதவுப்பக்கம் போனேன். கதவுக்கு அந்தப்பக்கம், கதவோடு ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தாள். மூச்சு கேட்டது.

"அத்தே."

"சொல்லு மக்கா."

"அம்மை அண்ணைக்கு நான் தின்னு முடிக்கியது வர பாத்துக்கிட்டு நின்னாளா?"

"கடைசித் துணுக்கு வர நின்னா."

அவள் அழுதது கேட்டது, மைனி. அந்த முருங்கைமரத்தடி நாளுக்குப் பிறகு இந்த ஒரு காரியத்துக்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு மணல்வாரி சிறுவயதிலேயே வந்து போய்விட்டது, இனி ஒட்டாது. கதவைத் திறக்கச் சொன்னேன். திறந்தாள். உள்ளே போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன். காய்ச்சலில் இளைத்த உடம்பு, உங்கள் தோள்போலவே எலும்பெடுத்த தோள். "அம்மா, அம்மா" என்று என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கூப்பிட்டாள். நான் உங்களுக்காகப் பதில் சொல்லவில்லை. அது உங்களுக்கு வந்த கூப்பாடு. எங்கே இருந்தாலும் உங்கள் காதில் விழுந்திருக்கும்.